ஆறாவது பாத்தியின் ஆட்கள்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, பூங்காவில் தண்ணீர் ஊற்றும் மச்சான் எழுதுவது. நானும் நலம், செடிகளும் நலம். தங்கச்சியின் இடுப்புவலி தேவலையா?

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உங்களைக் கேட்காமலே உங்களை ஒரு தெருவுக்குத் தலைவராக்கிவிட்டேன். அப்படி ஒரு தெருவே கிடையாது. வேலையில்லாத பதவி என்றதும் உங்கள் முகம்தான் ஞாபகம் வந்தது.

நடந்தது இதுதான். பூங்காவுக்கு யாரும் வருவதில்லை என்று அதிகாரி அம்மா ஆறு பாத்தி வெட்டச் சொன்னார். தெருவுக்கு ஒன்று, இஷ்டப்பட்டதைப் பயிர் வைக்கட்டும், எல்லா ஜனமும் கலந்து பழகட்டும் என்று. ஒரு பாத்தி காலியாகக் கிடந்தாலும் பூங்காவை மூடிவிடுவோம், நீயும் வீட்டுக்குப் போகலாம் என்றார். தையற்காரர் தெரு வந்தது, நர்சுகள் குடியிருப்பு வந்தது, கப்பலில் புதிதாக வந்திறங்கியவர்களும் வந்தார்கள், ஆனால் ஐந்தோடு நின்றுவிட்டது. ஆறாவதற்கு நானே படிவத்தை நிரப்பினேன். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு வேறென்ன தோன்றும்? எத்தனை பேர்? ஒன்பது. வயது? எல்லோருக்கும் நாற்பத்திரண்டு. மொழி? மெதுவாகப் பேசுவார்கள். தலைவர்? உங்கள் பெயர். முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை கேட்டைத் திறந்தால், ஆறாவது பாத்தியை ஒன்பது பேர் குனிந்து கொத்திக்கொண்டிருக்கிறார்கள். பூட்டிக் கிடந்த கேட், மாப்பிள்ளை! சாவி என் இடுப்பில். ஒருத்தி பக்கத்திலிருந்தவனைக் காட்டி "இவன் எம் மகன்" என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நரை.

"யாருப்பா நீங்கல்லாம்?"

காதைக் கொண்டுபோய் வைத்தால்தான் பதில் கேட்டது. "நீங்கதானே எழுதினீங்க."

குறை சொல்லக்கூடாது, தங்கமான ஆட்கள். அவர்கள் பேச்சைக் கேட்க எல்லோரும் தலையோடு தலை முட்டி நிற்க வேண்டியிருந்ததால், அதுவரை முகம் கொடுக்காத ஐந்து தெருக்காரர்களும் தங்களுக்குள் பேசிப் பழகிவிட்டார்கள். அதிகாரி அம்மா பூரித்துப்போனார். என் வேலை தப்பியது.

சாயங்காலம்தான் சங்கடம். மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். இவர்கள் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு என் முன்னால் வரிசையாக நிற்பார்கள்.

"அண்ணே, எங்க வீடு எங்கண்ணே?"

"நாளைக்குச் சொல்றேன், போய்ப் படுங்க."

"எங்கண்ணே படுக்கிறது?"

பத்து நாள் சமாளித்தேன். நேற்று அந்த மகன்காரன் கண்கலங்கியதும் மனசு கேட்கவில்லை. படிவத்தை எடுத்து, காலிக் கட்டத்தில் தலைவர் வீட்டு விலாசத்தையே எழுதிவிட்டேன். ஒன்பது முகமும் ஒன்றாகச் சிரித்தன. ஒரு சத்தமும் வரவில்லை.

இன்று கிளம்புகிறார்கள். நடந்து வர நாலு நாள் ஆகும், கடிதம் இரண்டே நாளில் வந்துவிடும். அதற்குள் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேறெங்காவது போய்விடுங்கள். கெட்டவர்கள் இல்லை. ஆனால் வந்த இடத்தைவிட்டுப் போகத் தெரியாதவர்கள்.

வீடு நிறைய ஆட்களோடு நீங்கள் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
மச்சான்.

பின்குறிப்பு: தபாலாபீசுக்கு இன்று விடுமுறை. ஆகவே இதை அவர்களிடமே கொடுத்தனுப்புகிறேன். மகன்காரனின் செருப்பு முள்ளங்கிப் பாத்திச் சேற்றில் மாட்டி அறுந்துவிட்டது. உங்கள் பழையது இருந்தால் கொடுக்கவும். இடது கால்.