முப்பது விநாடி அசையாமல்

மேகம் மூடினால் எங்கள் தெருவில் எல்லோரும் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். நான் கேமராவை எடுக்க ஓடுவேன். அதனால் எங்கள் வீட்டுத் துணி மட்டும் நனையும்.

எனக்கு இருப்பது ஒரே ஒரு கெட்ட பழக்கம். காட்டைப் படம் எடுப்பேன். அதுவும் கருப்பு வெள்ளையில். அதுவும் பழைய ஃபிலிம் கேமராவில், வானம் மூட்டமாக இருக்கும் நாளில் மட்டும். வெயில் அடித்தால் காட்டுக்குள் திட்டுத் திட்டாக வெள்ளை விழும். மரம் எது, நிழல் எது என்று தெரியாது. மூட்டம் போட்டால்தான் வெளிச்சம் எல்லா இலைக்கும் ஒரே அளவாக இறங்கும். இதை நான் விளக்க ஆரம்பித்தால் வீட்டுக்கு வந்தவர்கள் செருப்பைத் தேடுவார்கள்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை, "மூச்சை இழுங்க, பிடிச்சுக்குங்க, அசையாதீங்க, இப்போ விடுங்க" என்று சொல்வதுதான் வேலை. வீட்டுக்கு வந்த பிறகு என்னிடமும் அதையேதான் சொல்கிறாள், அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைத் தவிர.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். ஹாலில் சோபாவுக்கு மேலே இருந்த சுவர் பளிச்சென்று காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வீர சபதம் பிறந்தது. என் காடு ஒன்று இந்தச் சுவரில் தொங்கியே தீரும். தொங்காவிட்டால் நான் இந்த வீட்டின் தலைவன் இல்லை. இல்லைதான், இருந்தாலும் சொல்லிக்கொண்டேன்.

"இங்க என் படம் ஒண்ணு பெருசா மாட்டலாம்னு இருக்கேன்" என்றேன்.

"எது?"

"முன்னாடி ஒரு மரம். அதுக்குப் பின்னாடி ஒரு மரம். அதுக்கும் பின்னாடி..."

"மரம்."

"இல்ல. மூடுபனி."

"ஏங்க, நமக்குக் கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். நீங்க எடுத்த படம் எத்தனை இருக்கும்?"

"நாலாயிரம் இருக்கும்" என்றேன், பெருமையாக. பெருமைப்பட்டது தப்பு.

"அதுல நான் எத்தனை?"

நான் விட்டத்தைப் பார்த்தேன். விட்டம் உதவவில்லை.

"ஒண்ணு இருக்கே! அருவிகிட்ட, பாறை மேல."

"அதுல இருக்கறது என் குடை."

"குடையைப் பிடிச்சிருந்தது நீதானே?"

அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். சிரித்தாள். "அந்தச் சுவத்துல நான் இருக்கணும். உங்க மரம் வேணும்னா எனக்குப் பின்னாடி நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. காட்டுப் படத்தில் ஆள் நின்றால் அது காட்டுப் படமா? சுற்றுலாப் படம். என் புகைப்படக் கழகத்து நண்பர்கள் வந்து பார்த்தால், "பிக்னிக்கா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியோடு என்னால் வாழ முடியாது.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு கோப்பை மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தபோது யோசனை பளிச்சிட்டது.

என் கேமராவின் லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டால், மூட்டமான நாளில் ஒரு படம் எடுக்க முப்பது விநாடி பிடிக்கும். அந்த முப்பது விநாடியும் அசையாமல் நிற்பது மட்டும்தான் படத்தில் தெளிவாக விழும். மரம் விழும். பாறை விழும். அசைகிற எதுவும் விழாது. போனால் போகிறதென்று கொஞ்சம் புகையாகத் தெரியும். என் மனைவி முப்பது விநாடி அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. தூக்கத்தில்கூடப் போர்வையை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டேதான் இருப்பாள்.

ஆக, அவளைக் காட்டில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டியது. அவள் கையை ஆட்டுவாள், தலையைத் திருப்புவாள், புகையாகிப் போவாள். காடு மட்டும் மிஞ்சும். "நீயும் இதுல இருக்கே, அதோ பாரு" என்று சொல்லிச் சுவரில் மாட்டிவிடலாம். என் மூளையை நானே தட்டிக்கொடுக்க வழி இருந்தால் தட்டியிருப்பேன்.

சாயங்காலமே ஒப்பந்தம் எழுதினேன். பத்தொன்பது வருஷமாக அலுவலகச் சுற்றறிக்கை எழுதுகிற கை இது. படம் மூட்டமான நாளில், காட்டில், கருப்பு வெள்ளையில் எடுக்கப்படும். படம் எடுக்கும்போது மனைவி கேமராவுக்கு முன்னால் நிற்பார். படத்தில் யார் எப்படி விழுந்தாலும் அதுவே சுவரில் மாட்டப்படும். இரு தரப்பில் எவரும் கழற்றச் சொல்லக் கூடாது.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள்.

"நிரந்தரமா" என்றேன், கர்ணன் மாதிரி.

"அப்ப அதையும் எழுதிடுங்க."

எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அதோடு விட்டாளா? எதிர் வீட்டு வக்கீலைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினாள். வக்கீல் அதை இரண்டு தரம் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "நல்லா யோசிச்சுட்டீங்களா சார்?" என்றார். யோசிக்காமலா? இதற்காகத்தானே அரை நாள் ஆபீஸ் வேலையைக் கெடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வானம் சாம்பல் பூசிக்கொண்டு எழுந்தது. ஸ்கூட்டரில் போனோம். காட்டில் நான் மாதக்கணக்காகக் கண் வைத்திருந்த இடத்துக்கு அவளை அழைத்துப்போனேன். இரண்டு பெரிய மரங்கள், நடுவே இரண்டு ஆள் நிற்கிற அளவு இடைவெளி, தரையெல்லாம் ஈரச் சருகு. கேமராவை ஸ்டாண்டில் மாட்டினேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டினேன். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டேன்.

"இங்க நில்லு. எவ்வளவு நேரம்னு எல்லாம் கவலைப்படாதே. இயல்பா இரு. அசையலாம், பேசலாம், தலை முடிய சரி பண்ணிக்கலாம்."

"அசையலாமா?"

"தாராளமா."

ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி" என்றாள். பிறகு, "தனியா நிக்க ஒரு மாதிரி இருக்கு. நீங்களும் பக்கத்துல வாங்களேன்" என்றாள்.

எனக்கு இது புதுசு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரட்டை லாபம். நான் சிலை மாதிரி நின்றுவிடுவேன். காட்டில் தன்னந்தனியாக ஒரு கலைஞன், அவன் பக்கத்தில் லேசாக ஒரு புகை! கழகத்துக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள்.

"வரேன். தானா எடுக்கற மாதிரி வெச்சுட்டு வரேன்."

"அப்படியே உங்க மூக்குக் கண்ணாடியைக் கழட்டிடுங்க. கண்ணாடி இல்லாம நீங்க இன்னும் அழகா இருப்பீங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னை அழகு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. யாராக இருந்தாலும் கழற்றியிருப்பான். கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். கண்ணாடி இல்லாவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்பது கேமராவா காண்டாமிருகமா என்று எனக்குத் தெரியாது. விசையைத் தட்டிவிட்டு, குத்துமதிப்பாக ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றேன். நெஞ்சை நிமிர்த்தினேன். தொப்பையை உள்ளே இழுத்தேன்.

கிளிக்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"ஏங்க" என்றாள். உதடு அசையவில்லை, குரல் மட்டும் வந்தது. "ஸ்டாண்டு சாயுது."

இதைக் கேட்டுவிட்டு நின்றுகொண்டிருக்கிறவன் கேமராக்காரனே இல்லை. பாய்ந்தேன். சருகில் வழுக்கினேன். ஒரு வேரில் முழங்காலை இடித்துக்கொண்டு ஸ்டாண்டைக் கட்டிப்பிடிக்கப் போனேன். ஸ்டாண்டு நட்டுவைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தது.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். கை அசையவில்லை, தலை அசையவில்லை. கண் இமைத்ததா என்றுகூடச் சந்தேகம். அந்த இரண்டு மரங்களுக்கு நடுவில் அவளும் அங்கேயே முளைத்தவள் மாதிரி நின்றாள். காதோரத்தில் நாலைந்து நரைமுடி. அது எப்போது வந்ததென்று எனக்குத் தெரியாது. நான் அவளை இருபது விநாடி சேர்ந்தாற்போல் பார்த்தே எத்தனை வருஷமாயிற்று! சத்தியமாகச் சொல்கிறேன், அவள் அவ்வளவு அழகாக இருந்தாள். முழங்கால் வலிகூட மறந்துபோயிற்று.

கிளிக்.

"முடிஞ்சுதா? மூச்சு விடலாமா?" என்றாள்.

"ஸ்டாண்டு சாயவே இல்லையே!"

"அப்படியா? எனக்குச் சாயற மாதிரி இருந்தது."

"சரி சரி, இன்னொண்ணு எடுத்துடலாம். நில்லு."

அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. காடு முழுக்கத் தகதகவென்று வெயில். அவள் கையை நெற்றியில் வைத்து வானத்தைப் பார்த்தாள்.

"அடடா, வெயில் வந்துடுச்சே. திட்டுத் திட்டா வெள்ளை விழுமே" என்றாள், மிகுந்த கவலையோடு.

என் வாதத்தை என்னிடமே திருப்பிச் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஸ்கூட்டரை எடுத்தேன்.

வீட்டில் குளியலறைதான் என் இருட்டறை. ஃபிலிமைக் கழுவி, துணி கிளிப்பில் மாட்டிக் காயவைத்தேன். பார்க்கத் தைரியம் வரவில்லை. அவளே வந்து, இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பார்க்கிற அதே பார்வை.

"நடுவுல இருக்கற நோயாளி நல்லா இருக்காங்க. எல்லாம் தெளிவா விழுந்திருக்கு."

"எனக்கு?"

"இடது பக்கம் லேசா ஒரு மங்கல் தெரியுது. பயப்பட ஒண்ணுமில்ல."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதுமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

"நீங்க மட்டும்தான் கருப்பு வெள்ளையில படம் எடுக்கறீங்களா? நானும் இருபது வருஷமா அதைத்தான் எடுக்கறேன். ஒரு நாளைக்கு அறுபது பேர். அசைஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டகூட நான் அசையலாம்னு சொன்னதில்ல. நீங்க தாராளமான்னு சொன்னதுமே புரிஞ்சுபோச்சு."

"கோபமா?"

"கோபமிருந்தா உங்களைப் பக்கத்துல கூப்பிட்டிருப்பேனா?" என்றாள். என் முழங்காலுக்கு அவளே மருந்தும் தடவிவிட்டாள். தடவும்போது, "அசையாதீங்க" என்றாள்.

படம் இப்போது சுவரில் இருக்கிறது. மூன்றடிக்கு நாலடி. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், நான் எடுத்த நாலாயிரத்தில் இதுதான் நல்ல படம். அவள் இல்லாமல் அந்த இரண்டு மரங்களையும் இனி என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கழகத்து நண்பர்கள் வந்து பத்து நிமிஷம் அதை உற்றுப் பார்த்தார்கள். பிறகு என் கையை விட்டுவிட்டு அவள் கையைக் குலுக்கினார்கள். இடது பக்கத்தை மட்டும் கொஞ்சம் வெட்டிவிடலாமா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். வக்கீல் கையெழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

நேற்று என் மேலதிகாரி வீட்டுக்கு வந்திருந்தார். டீ கப்போடு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"பிரமாதம்! அம்மா என்னமா நிக்கறாங்க! ஆமா, பக்கத்துல ஏதோ புகை மாதிரி தெரியுதே, அது என்ன?"

"அதுவா சார்? இவர்தான்" என்றாள் என் மனைவி.

மேலதிகாரி இன்னும் கொஞ்சம் குனிந்து உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகமே இல்லாத ஒரு தெளிவு வந்தது.

"ஆமாம்மா, இவரேதான். ஆபீஸ்லயும் இப்படித்தான் தெரிவார்."