கஜனியைக் கெடுத்த விளையாட்டுகள்

பெருமதிப்புக்குரிய தவரத்தினம் அண்ணைக்கு,

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும். எட்டு மாதமாக நீங்கள் என்னோடு கதைக்கவில்லை, நானும் உங்களோடு கதைக்கவில்லை. நீங்கள் கதைக்காததைக் கோபம் என்கிறார்கள், நான் கதைக்காததைத் திமிர் என்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டபடியால் காகிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது. இவ்விடம் நான் அவ்வளவு சுகமில்லை. அவ்விடம் உங்கள் பிரஷர் மட்டுக்கு வந்துவிட்டதாக சாரதா அண்ணி மருந்துக்கடை வரிசையில், என்னைக் காணாத பாவனையில், எனக்குக் கேட்கும்படியாகப் பக்கத்தில் நின்ற பெண்ணுக்குச் சொன்னார். நல்லது. மருந்தை நிறுத்த வேண்டாம்.

விசயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் கஜனியை நான்தான் கெடுத்தேன் என்று கோயிலிலும் சலூனிலும் சொல்லித் திரிகிறீர்கள். அவள் இரண்டு டொக்டர் மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றது என் வேலையாம். கணினி விளையாட்டில் பழக்கமான ஜெரமி என்ற பிரெஞ்சுப் பெடியனை இம்மாதம் பதினாலாம் திகதி சனிக்கிழமை பொபினி மெய்ரியில், உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய அந்த நகரசபையில், எழுத்துக் கலியாணம் செய்யப்போவதும் என் வேலையாம். நீங்கள் போகப்போவதில்லை என்றும், நானும் போகக்கூடாது என்றும் ஆள்விட்டுச் சொன்னீர்கள். ஆகவே எந்த விளையாட்டு யாரை எப்படிக் கெடுத்தது என்பதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் எப்போதும் நடுவிலிருந்துதான் கோபப்படுவீர்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, நான் இப்போதும் இருக்கிற இதே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், நீங்களும் நானும் இன்னும் ஐந்து பேரும் இருந்த அறை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் கணிதம் படித்துவிட்டு வந்த நான் றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவினேன். மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் இடைவேளை. அந்த நேரத்தில் நீங்கள் நித்திரை கொண்டீர்கள், மற்றவர்கள் ஊருக்கு ரெலிபோன் எடுக்க வரிசையில் நின்றார்கள். கிளிஞாங்கூர் பழைய சாமான் சந்தையில் வாங்கிய விளையாட்டு மெசின் ஒன்று அறையில் கிடந்தது. அதோடு வந்தது ஒரேயொரு விளையாட்டு, முழுவதும் யப்பான் மொழியில். ஒரு எழுத்தும் விளங்காது. ஒருவன் ஊர் ஊராகப் போய் யாரிடமோ எதையோ கேட்கிறான், அவர் இன்னொருவரிடம் அனுப்புகிறார், அந்த இன்னொருவர் ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்கிறார், கொண்டுபோனால் முதல் ஆள் அங்கே இல்லை. நாலு மாதத்தில் முடித்தேன். அடுத்த மாதம் விசா அலுவலாகப் பிரெபெக்தூர் என்ற அரசாங்கக் கந்தோருக்குப் போனபோது எனக்கு ஒன்றும் புதிதாக இருக்கவில்லை. மூன்றாம் யன்னலில் கேள், ஏழாம் யன்னலில் முத்திரை வாங்கு, திரும்பி வந்தால் மூன்றாம் யன்னல் பூட்டியாயிற்று. பக்கத்தில் நின்றவர்கள் அழுதார்கள். நான் எந்த மூலையில் யார் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றேன். இந்த நாட்டில் வாழ்வதற்கு எனக்குக் கிடைத்த பயிற்சி அது ஒன்றுதான். நீங்கள் அதை நேரவிரயம் என்றீர்கள். உங்களுக்கு விசா கிடைக்க என்னைவிட இரண்டு வருடம் கூடச் சென்றது நினைவிருக்கும்.

மனிதர்களைப் பற்றிய என் எண்ணத்தையும் அந்த விளையாட்டே பழுதாக்கியது, ஒத்துக்கொள்கிறேன். அதில் வருகிற ஊர்ச்சனத்திடம் எத்தனை தரம் போனாலும் ஆளுக்கு ஒரு வசனம்தான், அதையே திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். நம்முடைய ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் எனக்கு முப்பது வருடமாக நடப்பதும் அதுதான். மரக்கறிக்கடைக்காரர், "முருங்கைக்காய் இண்டைக்குத்தான் இறங்கினது" என்பார். அது போன செவ்வாய்க்கிழமை இறங்கியது. சலூன் தில்லையம்பலம், "என்ன சேந்தன், இன்னும் தனியத்தானோ?" என்பார். எனக்குத் தலைமயிர் இருந்த காலத்தில் கேட்டார், இப்போது வெட்ட ஒன்றுமில்லாத காலத்திலும் கேட்கிறார். உங்கள் வசனம், "படிச்சவன் எண்டு பேர்." நான் வேறு வசனம் வருமா என்று பலமுறை உங்களிடம் வந்து பார்த்திருக்கிறேன். வரவில்லை.

பிறகு உங்கள் பொபினி வீட்டுச் சின்ன அறையில் நான் இருந்த காலத்தில் நகரம் கட்டுகிற விளையாட்டுக்கு வந்தேன். அதிலிருந்து ஒரு நகரத்தைப் பார்த்தால் முதலில் கழிவுநீர் எங்கே போகிறது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். சனமில்லாத தெருதான் வடிவான தெரு என்ற ருசியும் அதிலிருந்தே வந்தது. அந்த விளையாட்டின் பின்னணி இசை நாற்பது விநாடியில் முடிந்து மறுபடி தொடங்கும், அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இப்போது முடிவுள்ள பாட்டு எதுவும் பிடிப்பதில்லை. கலியாணவீட்டு இசைக்குழுவுக்கு நான் கைதட்டாமல் இருப்பதைப் பொறாமை என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். கஜனியின் ஐந்தாவது பிறந்தநாள். தொண்ணூறு மணித்தியாலம் கட்டிய நகரத்தை நான் சேமித்துக்கொண்டிருந்தேன். இந்த நேரத்தில் மெசினை நிற்பாட்ட வேண்டாம் என்று திரையில் மூன்று மொழியில் எழுதியிருந்தது. வீடியோக்காரருக்குப் பிளக் வேண்டும் என்று நீங்கள் மெசினின் வயரைப் பிடித்து இழுத்தீர்கள். அறுபத்துநாலாயிரம் பேர், அண்ணை. இரண்டு ஆஸ்பத்திரி, ஒரு மீன்சந்தை, அந்தக் கிழமைதான் ஓடத் தொடங்கிய ட்ராம்.

"அதுக்கென்னடா, திரும்பக் கட்டு" என்றீர்கள்.

பிறகு கேக்குக்கு மெழுகுதிரி கொளுத்தினீர்கள். ஊர் இழந்து வந்த ஒருவர், ஊர் இழந்து வந்த இன்னொருவனுக்குச் சொல்லக்கூடிய வார்த்தையா இது என்று இருபத்திரண்டு வருடமாக யோசிக்கிறேன். அந்த வீடியோ உங்களிடம் இருக்கும். மூலையில் வாழ்த்துப் பாடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் நான்.

அதற்குப் பிறகு நான் நகரம் கட்டவில்லை. தோட்டம் செய்கிற விளையாட்டுக்கு மாறினேன். காலையில் எழும்பிக் கிழங்குக்குத் தண்ணீர் விடவேண்டும், மாட்டின் தலையைத் தடவவேண்டும், அவ்வளவுதான். தைப்பொங்கலுக்கு வந்த சனத்துக்கு முன்னால் நீங்கள் சொன்னீர்கள்: "அங்கை ஐயாவின்ரை தோட்டத்துக்கை காலே வைக்காதவன், இஞ்சை ரிவிக்குள்ளை தண்ணி இறைக்கிறான்." எல்லோரும் சிரித்தார்கள். பகிடி நல்லது என்பதால் நானும் சிரித்தேன். மன்னிக்கவில்லை.

கஜனி என் பக்கத்தில் வந்து இருக்கத் தொடங்கியது அப்போதுதான். அவளுக்கு ஏழு வயது. நீங்கள் சொல்வதுபோல நான் மெசினைக் காட்டிக் கூப்பிடவில்லை. வீட்டில் சத்தம் போடாத ஆள் நான் ஒருவன்தான், அதனால் வந்தாள். "சித்தப்பா, இண்டைக்கு அங்கை மழை. தண்ணி விடத் தேவையில்லை" என்று சொல்லுவாள். பள்ளிக்கூடத்துக்குக் குடையை மறந்துவிட்டுப் போகிற பிள்ளை, திரைக்குள் பெய்கிற மழையைக் கணக்கில் எடுத்தாள். இன்று அவள் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் சத்தங்கள் அமைக்கிறாள். மழை மட்டும் பதினொரு விதம் செய்திருக்கிறாள், அதில் ஒன்று தகரக்கூரையில் விழுகிற மழை. அவள் தகரக்கூரை வீட்டில் இருந்ததில்லை. எங்கிருந்து பிடித்தாள் என்று கேட்டேன். "அப்பா சொல்லியிருக்கிறார்" என்றாள். நீங்கள் அதை எப்போது சொன்னீர்களோ தெரியாது, எனக்குச் சொன்னதில்லை. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று யாரும் கேட்டால் "கொம்பியூட்டரிலை" என்று சொல்லி நீங்கள் கதையை மாற்றுவதாகக் கேள்வி.

இனி டொக்டர்மார். போன ஐப்பசியில் நீங்கள் எனக்கு எடுத்த கடைசி ரெலிபோனை அப்படியே எழுதுகிறேன், பிறகு மறுக்கக்கூடாது.

"ரெண்டு டொக்டர், சேந்தன். ரெண்டு பேரையும் பாத்துட்டு, இவை தோத்தால் எப்பிடி இருப்பினம் எண்டு தெரியாது எண்டு சொல்லுறாள். இது ஆர் சொல்லிக்குடுத்த கதை?"

"நான் ஒண்டும் சொல்லிக்குடுக்கேல்லை, அண்ணை."

"ஓம், நீ சொல்லிக்குடுக்கேல்லை. பக்கத்திலை இருந்து விளையாடினனி. அது காணும்."

எட்டு மாதம் யோசித்த பிறகு சொல்கிறேன், நீங்கள் சொன்னது சரி. அவளும் நானும் ஒருவரை ஒருவர் எதிர்த்து விளையாடுவோம். தோற்றால் நான் கையிலிருக்கிற மனெத்தை, அந்தப் பொத்தான் பெட்டியை, மேசையில் மெதுவாக வைத்துவிட்டு "இன்னொருக்கா" என்பேன். வாழ்க்கையில் வேறு எந்தத் தோல்வியிலும் நான் அப்படி நடந்ததில்லை, அதற்கு நீங்களே சாட்சி. ஆனால் அந்தப் பிள்ளை பார்த்தது அதை மட்டும்தான். ஜெரமியோடு இரண்டு வருடம் முகம் காணாமல் விளையாடியிருக்கிறாள். அவன் முந்நூறு தரம் தோற்றானாம், ஒரு தரமும் மற்றவர்மேல் பழி போடவில்லையாம். நீங்கள் சாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தீர்கள், அவள் ஒன்று பார்த்தாள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல, ஒருவராலும் பொருத்தம் பார்க்கப்படாத எனக்கு அருகதையில்லை.

போன மாதம் அவள் அவனையும் கூட்டிக்கொண்டு எங்கள் தெருத் தேத்தண்ணிக்கடைக்கு வந்தாள். அவன் வாய்ப்பனை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டான். எது கேட்டாலும் "ஓம்" என்றான், அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். நம்முடைய ஆட்கள் பலரைவிட அவனோடு கதைப்பது சுகமாக இருந்தது.

"சித்தப்பா, நீங்கள் எனக்குச் சாட்சியா நிக்கிறீங்களோ?" என்று கேட்டாள்.

"கொப்பரைக் கேட்டனியோ?"

"கேட்டன். அப்பா எழும்பிப் போய் வாசிங் மெசினைப் போட்டார்."

"உடுப்புத் தோய்க்கவோ?"

"உள்ளுக்கை ஒரு உடுப்பும் இல்லை. வெறும் மெசின். முன்னாலை கதிரையைப் போட்டு முழுக்க ஓடி முடியுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தார்."

"பிறகு?"

"பிறகு கதவைத் திறந்து கையை விட்டுப் பாத்தார்."

அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள், பிறகு சிரிக்கவில்லை. ஜெரமி விளங்காமல் "ஓம்" என்றான். நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சாட்சிகளின் பெயரும் அடையாள அட்டைப் பிரதியும் முன்கூட்டியே மெய்ரிக்குப் போகவேண்டும் என்றாள். நம் குடும்பத்து விண்ணப்பம் எல்லாவற்றையும் முப்பது வருடமாக நிரப்புகிறவன் நான்தானே, எல்லோருடைய பிரதிகளும் என் பைலில்தான் இருக்கின்றன. அன்று பின்னேரமே நிரப்பி அனுப்பினேன்.

ஆகவே அண்ணை, நான் போகிறேன். கஜனிக்குப் பக்கத்தில் நின்று, மேயர் கேட்கும்போது தலையாட்டி, புத்தகத்தில் கையெழுத்து வைக்கப்போகிறவன் நான். நீங்கள் வரவேண்டாம். வந்தால் எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள், அதை நான் எல்லாக் கலியாணத்திலும் பார்த்துவிட்டேன். வீட்டிலேயே இருங்கள். தோய்க்க ஏதாவது இருக்கும்.

அண்ணிக்கு என் வணக்கம், அவர் ஏற்காவிட்டாலும். உங்களுக்கு நீண்ட ஆயுளும், கோபம் குறையாதிருக்கத் தேவையான தேகபலமும் கிடைக்க வேண்டுகிறேன்.

பிற்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ரெலிபோன் அடித்தது. மெய்ரியிலிருந்து ஒரு பெண். "மசியூ தவரத்தினமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் எடுத்துவிட்டு, என்ன விசயம் என்றேன். சாட்சியின் விபரங்களைச் சரிபார்க்கிறாராம். வாசித்தார். உங்கள் பெயர், உங்கள் பிறந்த திகதி, உங்கள் விலாசம். பைலில் உங்கள் பிரதியும் என் பிரதியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்திருக்கின்றன. இரண்டிலும் ஐயாவின் பெயர், இரண்டிலும் அதே மீசை, அதே முழிப்பு. நான் உங்களுடையதை வைத்துக்கொண்டு பார்த்து எழுதியிருக்கிறேன், ரெலிபோன் இலக்கம் மட்டும் என்னுடையது. முப்பது வருடமாக உங்கள் விண்ணப்பங்களை நிரப்பிய கை, தன் பாட்டுக்கு ஓடியிருக்கிறது. பிழை இருந்தால் வியாழக்கிழமைக்குள் வந்து மாற்றலாம் என்றார் அந்தப் பெண். சரியான பிரதி, என்னுடையது, மேசையில் என் முன்னால்தான் இருந்தது.

கஜனி தேத்தண்ணிக்கடையில் எழும்பும்போது கேட்ட ஒன்றை நான் மேலே எழுதவில்லை. "அப்பா வாசலுக்காவது வருவாரோ, சித்தப்பா?" என்று கேட்டாள்.

எல்லாம் சரியாக இருக்கிறது மதாம் என்று சொல்லி ரெலிபோனை வைத்தேன்.

பதினாலாம் திகதி, காலை பதினொன்றரை. அடையாள அட்டையின் அசலைக் கொண்டுபோங்கள், பிரதி செல்லாது. நீங்கள் போகாவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் போட்ட கதிரை வெறுமையாக இருக்கும், அதில் நான் போய் இருக்க ஏலாது. மேலே எழுதியதில் ஒன்றையும் வெட்டவில்லை, எல்லாம் உண்மை. வரவேண்டாம் என்ற இடத்தை மட்டும் வாசிக்காமல் விடுங்கள். நான் பின்வரிசையில் இருப்பேன், என்னோடு கதைக்கத் தேவையில்லை.

இந்தக் கடிதத்தில் நான் கையெழுத்து வைக்காமலே தபாலில் போடுகிறேன். இந்த முறை கையெழுத்து வைக்கவேண்டியவர் நீங்கள்.