மூன்றாம் மாடி நாற்காலி

மரியாதைக்குரிய பெரியக்காவுக்கு, லிஃப்ட் பழுதுபார்த்தே காலம் தள்ளும் உன் தம்பி பணிவுடன் எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது முக்கால் பங்குதான் உண்மை என்பதால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன், உட்கார்ந்து படி.

நீ வாயாடி என்று பேர் வைத்தாயே என் மகள், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் வேதியியல் படிக்கிறவள், அவள் இரண்டு மாதமாகப் போனில் "ம்", "சரிப்பா", "வைக்கட்டா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பரீட்சை நெருக்கடி என்று நினைத்தேன். போன ஞாயிறு அவளே, "அப்பா, கொஞ்ச நாளா காலையில எந்திரிக்கவே முடியல. லேபுக்குப் போய் பதினாறு நாளாச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுதான்" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிச்சத்தைக் கேட்காமலே போனை வைத்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் கருவிப்பையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே 'மாணவர் ஆலோசனை' என்று ஒரு பலகை. ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். ஜன்னலுக்குள் இருந்தவர், "எதைப் பத்தி?" என்றார். "மனசைப் பத்தி" என்றேன். "உளவியலா? மாலை வகுப்புல இடமிருக்கு, இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார். பதற்றத்தில் போட்டுவிட்டேன். அடுத்த வருஷம் உன் தம்பி கல்லூரி மாணவன், அக்கா. அங்கிருந்து மருத்துவக் கூடத்துக்கு ஓடினால், என் முகத்தைப் பார்த்த நர்ஸம்மா ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு நகரவே விடவில்லை. "நோயாளி நானில்லம்மா, என் மகள்!" என்றேன். "உங்க மகள் நல்லா நடந்து வர்றாங்க, நீங்க படுங்க" என்றாள். திரும்பினால் வாசலில் வாயாடி, நர்ஸம்மாதான் போன் போட்டு வரவழைத்திருக்கிறாள்.

பிறகுதான் தெரிந்தது, அவள் எனக்குப் போன் செய்ததற்கு முந்தின வாரமே எல்லாம் செய்து முடித்திருக்கிறாள். நூலகத்தில் புத்தகம் கொடுக்கிற அம்மாவிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டிருக்கிறாள். மூன்றாம் மாடியில் மனநல ஆலோசகர் இருக்கிறார் என்று அந்த அம்மா சொல்ல, போனால், மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைக்கும் என்றார்களாம். நானாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் திரும்பியிருப்பேன். இவள், "யாராவது வரலைன்னா?" என்று கேட்டிருக்கிறாள். "அந்த நேரம் காலியாகும்." "அப்ப நான் இங்கயே உக்காந்துக்கறேன்." எழுந்திருக்கவே முடியாதவள், அக்கா, தலைகூட வாராமல் தினமும் எட்டரை மணிக்குப் போய் அந்தக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மூணு நாள் எல்லாரும் ஒழுங்கா வந்து தொலைச்சிருக்காங்க. நாலாம் நாள் யாருக்கோ காய்ச்சல். அந்தக் காய்ச்சல்காரர் நூறு வயசு இருக்கட்டும்!

"அந்த ஆலோசகரம்மா என்ன கேட்டாங்க?" என்றேன். "லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட நீங்க முதல்ல என்னப்பா கேப்பீங்க?" "எந்த மாடி, எவ்வளவு நேரமா, மூச்சு விட முடியுதா." "கிட்டத்தட்ட அதேதான்" என்றாள். ஆலோசகரம்மாவையும் பார்த்தேன். "உள்ள பேசினதை நீங்களா கேக்காதீங்க, அவங்களா சொன்னா கேளுங்க" என்றார். பதினோரு நிமிஷம் கேட்காமல் இருந்தேன். வாயாடி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. இன்னும் முழுசா சரியாகல. வாரம் ஒரு தடவை போகிறாள், நேற்று அரை நாள் லேபுக்கும் போனாள். என் வயிற்றில் இவ்வளவு தைரியசாலி எப்படிப் பிறந்தாள் என்றுதான் விளங்கவில்லை, ஊரிலிருக்கும் உன் தம்பி மனைவியைப் போனில் கேட்டால், "உங்க வயித்துல எங்க பொறந்தா?" என்கிறாள்.

ஊர் வாய் பொல்லாதது. இது நம் இருவருக்குள் இருக்கட்டும், அத்தானுக்குக்கூடத் தெரிய வேண்டாம். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. உன் ஆசி எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: தபாலில் போடும் முன் மகளின் விடுதி வாசல் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். 'மனசு சரியில்லையா? மூன்றாம் மாடி. நேரம் இல்லை என்றாலும் எட்டரைக்கே போய் உட்காருங்கள். தனியாகப் போகத் தயக்கமா? நான் கூட வருகிறேன்.' அடியில் கொட்டை எழுத்தில் வாயாடியின் பேர், அறை எண், போன் நம்பர்! இதுவரை ஆறு பேரைக் கூட்டிப் போயிருக்கிறாளாம். ஆகவே அக்கா, ரகசியம் என்று எழுதிய வரியை நீயே அடித்துவிடு. கேட்கிறவர்களுக்குச் சொல். கேட்காதவர்களுக்கும் சொல்.