மாப்பிள்ளை கண்டுபிடித்த கட்டி

கோழி மருந்து விற்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கொஞ்ச நாளில் தானும் ஒரு டாக்டர்தான் என்று நம்பத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அது ஆறே மாதத்தில் முற்றிவிட்டது.

எண்பதுகளில், நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப்பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்த நேரம். கல்யாணமான புதிதில், சலவை வேட்டியோடு மாமியார் வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். (மருந்துப் பையும் கூடவே. மாமனாருக்குப் பண்ணை இருந்ததே!) அவர்கள் வீட்டுக் கடுவன் பூனை வெள்ளையனுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. இரண்டு நாளாகத்தான் வீங்கியிருந்தது, சோற்றைத் தொடவில்லை. மாமியார் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர்.

நான் நின்ற இடத்திலிருந்தே, "புத்துக்கட்டிங்க அத்தை, கேன்சரு" என்று அறிவித்தேன். மாமியார் அழுதே விட்டார்.

எங்கள் பக்கம் புது மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. டாக்டரிடம் காட்டலாமே என்று முணுமுணுத்தவள் என் மனைவி மட்டும்தான். அவளைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தேன். வலிக்காவது ஏதாவது கொடுக்கச் சொன்னார் மாமியார். சட்டைப்பையில் என்னுடைய காய்ச்சல் மாத்திரை இருந்தது. கோழிக்கெல்லாம் எடை பார்த்துத்தானே மருந்து? பூனையின் எடைக்குக் கால் மாத்திரை என்று கணக்குப் போட்டேன்.

மாமனார் பிடித்துக்கொள்ள, மாத்திரையை நீட்டினேன். வெள்ளையன் முகர்ந்து பார்த்தது; வாயைத் திறந்து போட்டதும் துப்பியது. விடுவேனா? மறுபடி போடக் கழுத்தை இறுக்கிப் பிடித்தேன். கட்டி உடைந்து சீழ் முழுவதும் என் வேட்டியில். கட்டைவிரலில் நல்ல கடி. பந்தியில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

வெள்ளையனைக் கோழிக்கூடையில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் ஓடினோம். அவர் புண்ணைக் கழுவி ஊசி போட்டார். வேறு பூனை கடித்துச் சீழ் பிடித்திருக்கிறது என்றார். இப்படித் திடீரென்று சூடாக வீங்கி வலித்தால் பெரும்பாலும் சீழ்தானாம். புத்துக்கட்டி பொதுவாக மெதுவாக வளருமாம். அதையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். பிறகு, மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். கால் மாத்திரை போட்டேன், துப்பிவிட்டது என்று பெருமையாக மாத்திரையை எடுத்து நீட்டினேன்.

"இது உள்ள போயிருந்தா பூனை பொழைக்கறதே கஷ்டமுங்க. நம்ம ஈரல் மாதிரி பூனை ஈரலுக்கு இதைச் சமாளிக்கத் தெரியாது. கால் மாத்திரையே வெசமுங்க" என்றார்.

நீட்டிய மாத்திரையை மறுபடி சட்டைப்பைக்குள் திணித்தேன். மாமியார் என்னைத் திட்டவில்லை. புது மாப்பிள்ளையைத் திட்ட முடியாதே! வெள்ளையனின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"மோந்து பாத்துத் துப்புனியே சாமி, உனக்காச்சும் அறிவு இருந்துச்சே."

வெள்ளையன் அதற்குப் பிறகும் பல வருடம் என்னை முறைத்துக்கொண்டு நன்றாகவே வாழ்ந்தது. இந்தக் குடும்பத்தில் நான் வாங்கி வரும் எந்த மாத்திரையையும் இன்றுவரை யாரும் நேராக விழுங்குவதில்லை. போன மாதம் என்னுடைய பிரஷர் மாத்திரையை நானே விழுங்கப் போனேன். பேத்தி ஓடிப்போய், வீட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"இருங்க தாத்தா, மொதல்ல இது மோந்து பாக்கட்டும்."