காரைப் பூட்டினேனா என்று பார்க்கப் போகிறவர்

ஒன்றுக்குப் போகிறேன் என்று செத்தாலும் சொல்லாத ஒரு மனித வகை உண்டு; அறுபது தாண்டிய ஆண்களில் விளைவது. இவர் காரைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருவார், மழை வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவார், அடிக்காத போனை எடுக்க எழுந்து போவார், எந்தப் பஸ்ஸிலும் கதவோரமே உட்காருவார். வியாதியா? அவருக்கா?

செர்பியாவில் சாச்சக் நகரத்து தோப்ரோசாவ் இந்த வகையில் முதல் தரம்.

“டாக்டரைத்தான் பாருங்களேன்,” என்றாள் மனைவி ஸ்தாமெனா.

“அவன் எங்க விரலை விடுவான்னு உனக்குத் தெரியாது. ஆம்பளைக்கு அது அழகில்ல.”

“ராத்திரி பூரா கக்கூசுக்கும் கட்டிலுக்கும் நடக்கறது அழகாக்கும்?”

இந்த மனிதர்தான் ஞானமகனின் கல்யாணத்தில் ‘கூம்’. அதாவது மெழுகுவத்தி பிடித்து மணமக்கள் பின்னால் கடைசிவரை நிற்க வேண்டிய சாட்சி. கூம் பாதியில் வெளியேறினால் அந்தக் கல்யாணம் உருப்படாது என்பது ஊர்ப்பேச்சு. ஆகவே முன்னெச்சரிக்கையாகக் காலையிலேயே ஒரு கூஜா செந்தட்டி வேர்க் கஷாயம் குடித்தார். நீரைப் பிரிக்கிற கஷாயத்தை நீரை அடக்கக் குடித்த மேதாவி!

பாதி மந்திரத்திலேயே முட்டிக்கொண்டது. நகர்ந்தால் பையனின் வாழ்க்கை; நகராவிட்டால் புது சாம்பல்நிறக் கால்சட்டை. கண்ணில் நீர் கோத்தது. “பிள்ளைமேல எவ்ளோ பாசம் பாரு,” என்று யாரோ ஒரு அத்தை உருகினாள். நல்லவேளை, பாதிரியார் விதோயேவும் அன்றைக்கு என்னவோ மந்திரத்தை விழுங்கி விழுங்கிச் சொன்னார், மணமக்களை மேசையைச் சுற்றி ஏறக்குறைய ஓடவிட்டார். முடிந்தது. தோப்ரோசாவ் மெழுகுவத்தியை மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டுப் பின்கட்டுக்குப் பறந்தார். கழிப்பறை உள்ளே தாழிட்டிருந்தது.

“யாருய்யா உள்ள?”

“நான்தான்ப்பா, பொறு.” பாதிரியாரின் குரல்! மந்திரம் முடிந்த கையோடு அவர் முந்திக்கொண்டிருந்தார்.

“சாமி, தாங்காது சாமி.”

“உனக்குமா? பூசணி விதை தின்னு. டாக்டரே வேணாம். நான் மூணு வருஷமாத் திங்கறேன்.”

அந்த மருந்தின் மகிமை கதவுக்கு அப்பால் சொட்டு... அப்புறம் ரொம்ப நேரம் கழித்து இன்னொரு சொட்டு என்று கேட்டது. தோப்ரோசாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நானும் இப்படித்தானே பேசிக்கொண்டு திரிகிறேன்?

அன்று ஒரு பிளம் மரம் மானத்தைக் காப்பாற்றியது. திங்கட்கிழமை டாக்டரிடம் போனார். விரல் அரை நிமிஷ வேலை, புராஸ்டேட் வீக்கம் என்று தீர்ப்பு, பிறகு மாத்திரை, சாயங்காலத்துக்குமேல் தண்ணீரைக் குறை என்ற புத்திமதி. ஒரு மாதத்தில் ராத்திரித் தூக்கம் திரும்பியது. டாக்டர் வாசலில் பார்த்தவர்களிடம் மட்டும் முழங்கால் வலி என்றார்.

நீங்கள் இந்த வகையில்லை, தெரியும். இதைப் படிக்கிறபோது நடுவில் எழுந்து போனீர்களே, அது தண்ணீர் குடிக்கத்தான். நம்புகிறோம்.