புரட்டாசியில் பிடித்த இறால்

என்னைப் புத்திசாலி என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கையை ஒரே சனிக்கிழமையில் நானே என் கையால் காலி செய்தேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் எங்கள் கொல்லையில் அரை ஏக்கரை வெட்டிக் குளமாக்கி, நன்னீர் இறால் வளர்க்கக் கிளம்பினேன். (கடலைப் பார்க்கணும்னாலே புதுச்சேரிக்கு பஸ் ஏறணும், இவன் எறா வளக்கறானாம் என்று டீக்கடையில் சிரித்தார்கள்.) என் மனைவி சுமதியின் அண்ணனுக்குத் திருவண்ணாமலையில் ஹார்டுவேர் கடை. அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"மாப்ள, ஒரு தடவ வளத்து பாருங்க. வித்துட்டீங்கன்னா நான் வாயே தொறக்கல. விக்க முடியலன்னா மறுநாளே நம்ம கடையில வந்து ஒக்காந்துடணும். சரிங்களா?"

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கடையில் உட்கார எனக்குத் துளியும் இஷ்டமில்லை. மச்சான் தங்கமானவர்தான். என்ன, ஒரு ஆணி கீழே விழுந்தால்கூட அது எந்த சைஸ் என்று கேட்பார். அதைவிட, குளம் எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போயிருந்தது. காலையில் தீவனத்தோடு கரையில் நின்றால், இறால்கள் ஓரத்துக்கு வந்து மீசையை ஆட்டும். என்னைப் பார்த்து யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பங்குனியில் குஞ்சு விட்டேன். தண்ணீரின் உப்பு, காரம், காற்று எல்லாவற்றையும் அளந்து நோட்டில் எழுதினேன். ஆறு மாதத்தில் ஒவ்வொன்றும் கை நீளத்துக்கு வந்துவிட்டது. (சரி, விரல் நீளம்.) குளத்தை வடித்துப் பிடிக்க ஒரு சனிக்கிழமையைக் குறித்தேன்.

"என்னங்க, கேலண்டர ஒரு தடவ பாத்துட்டு நாள் வைங்களேன்" என்றாள் சுமதி.

வந்ததே எனக்கு ஆவேசம்! எறாவுக்கு ராகு காலம் தெரியுமா, எமகண்டம் தெரியுமா, இது சயின்ஸ்மா, இப்படி நினைத்துக்கொண்டிருப்பதால்தான் நாடு முன்னேறவில்லை என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, உங்க இஷ்டம்" என்று துணி காயப்போடப் போய்விட்டாள். கல்யாணமான எவனும் அந்த "உங்க இஷ்டம்" என்பதைக் கேட்டதும் உஷாராகியிருக்க வேண்டும். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சனிக்கிழமை காலை வலைக்காரர்கள் வந்தார்கள். தலைவர் ஏழுமலை நெற்றியில் பளிச்சென்று நாமம். அழகாக இருக்கிறதே என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. பத்து மணிக்குள் குளம் வடிந்து, பெட்டி பெட்டியாக இறால் ஐஸில் படுத்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில், பிடித்தவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பது வழக்கம். இரண்டு கை நிறைய அள்ளி ஏழுமலையிடம் நீட்டினேன். அவர் பாம்பைப் பார்த்ததுபோல் பின்னால் துள்ளினார்.

"ஐயையோ! வேணாங்க! புரட்டாசி சனிக்கெழம அதுவுமா! எங்க வூட்டு வாசப்படியக்கூட தாண்ட வுடமாட்டாங்க."

அப்போதுதான் உறைத்தது. ஊரில் பாதிப்பேர் கவுச்சியைக் கண்ணால் பார்க்காத மாதம். இரண்டு வாரமாக என் வீட்டிலேயே சாம்பாரும் ரசமும்தான். குளத்துக்குக் காவல் கிடந்த மயக்கத்தில் என்ன போட்டாலும் தின்றிருக்கிறேன். (மாடு கூட மோந்து பாத்துட்டுதாங்க சாப்பிடும் என்றாள் சுமதி பிறகு.) இறாலைத் திரும்ப விடலாமென்றால் குளத்தில் சேறுதான் இருந்தது.

வாடகைக்கு எடுத்த குட்டி யானை லோடு வண்டியை நானே ஓட்டிக்கொண்டு டவுனுக்குப் பறந்தேன். மீன் வியாபாரி கரீம் பாய், "எப்ப வேணா கொண்டாங்க தம்பி" என்று வாக்குக் கொடுத்திருந்தார். போய்ப் பார்த்தால் பாய் ஏணிமேல் நின்று கடைக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"எப்ப வேணான்னா புரட்டாசியிலயா தம்பி? வருஷா வருஷம் இந்த மாசத்துலதான் நான் பெயிண்டே அடிக்கிறேன். யாவாரம் அவ்ளோ கம்மி" என்றவர், என் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார். "இருங்க, நாலு எடத்துல கேட்டுப் பாக்கறேன். ஐஸ் உருகாம பாத்துக்கோங்க."

சும்மா இருந்திருக்கலாம். எனக்கு மூளை வேலை செய்தது. ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஏது புரட்டாசி என்று செங்கம் ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். ஒரு காபி கடை வாசலில் பெட்டியைத் திறந்து, வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டினேன். விபூதி பூசியிருந்த அவர் அமைதியாக, "அண்ணா, நான் இருபது வருஷமா சைவம். உயிரைக் கொல்றது பாவம்" என்றார். சுத்தமான தமிழில்.

திரும்பிப் போகலாமென்றால் வழியில்லை. அன்றைக்குப் பௌர்ணமி வேறு. (கேலண்டரில் அதுவும் போட்டிருந்ததாம்.) மதியத்துக்குமேல் போலீஸ் தடுப்பு வைத்துவிட்டார்கள். என் வண்டியைச் சுற்றி கிரிவலம் போகும் ஜனம். எல்லார் காலும் வெறுங்கால். அந்தக் கால்களின்மேல் என் வண்டியிலிருந்து இறால் நாற்றத்தோடு ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அரோகரா!" என்று கத்தினார். அது பக்தியா திட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் மச்சான் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டையில்லாத உடம்பு, கை கூப்பியபடி. கிரிவலம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். அது அவருடைய பல வருஷ விரதம். வண்டியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்து போனை எடுத்து நிதானமாக டைப் அடித்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

'நாளைக்குக் கடை ஒன்பதரைக்கு.'

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு மாத உழைப்பு, அந்த மீசைகள், எல்லாம் போச்சு. "மச்சான், தயவுசெஞ்சு..." என்று ஆரம்பிக்கும்போதே என் போன் அடித்தது. கரீம் பாய்.

"தம்பி, எங்க போய்ட்டீங்க? ஆம்பூர்ல எங்க தங்கச்சி பொண்ணுக்கு நாளைக்கு நிக்காஹ். எறா வறுவல் போடலாம்கிறாங்க. மொத்தமும் வேணுமாம், ஒடனே கெளம்புங்க!"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மச்சான் முகம் ஒரு நிமிஷம் எப்படியோ போனது. பிறகு விரதத்தை மறந்து, "போலீஸ் சார்! வண்டிக்கு வழி வுடுங்க, கல்யாணத்துக்கு போவுது!" என்று அவர் போட்ட சத்தத்தில் தடுப்பு நகர்ந்தது.

மறுநாள் வீட்டில் பஞ்சாயத்து. இறால் விற்றுவிட்டது, நான் ஜெயித்தேன் என்றேன் நான். விற்றது பாய், மாப்பிள்ளை இல்லை, அதோடு என் மௌன விரதமும் போச்சு என்றார் மச்சான். இருவரும் சுமதியைப் பார்த்தோம். அவள் காய் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை.

"புரட்டாசி முடியற வரைக்கும் அண்ணன் கடைக்கு போங்க. ஐப்பசி பொறந்ததும் குளத்துக்கு போங்க. ரெண்டு பேரும் இதோட வாய மூடுங்க."

அந்தத் தீர்ப்பு இன்றுவரை அமலில் இருக்கிறது. இப்போது இரண்டு குளம். வருஷா வருஷம் புரட்டாசிக்கு முன்னாலேயே பிடித்துவிட்டு, குளத்தைக் காயப்போட்டுவிட்டு, மச்சான் கடையில் போய் நிற்கிறேன். குறையொன்றும் இல்லை; கண்ணை மூடிக்கொண்டு ஆணியின் சத்தத்தை வைத்தே சைஸ் சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன். கல்யாண வீடுகளில் யாராவது சுமதியிடம், "வூட்டுக்காரர் என்னம்மா பண்றார்?" என்று கேட்டால், அவள் சிரிக்காமல் சொல்லும் பதிலுக்கு எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

"பதினோரு மாசம் எறா, ஒரு மாசம் ஆணி."