கலிப்பர் அண்ணையும் நாலு பிஸ்டனும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கலிப்பர் அண்ணையின் அளவுக்குள் அகப்படாதவை இரண்டே இரண்டுதான். ஒன்று ஆகாயம். மற்றது என் மனைவியின் கோபம்.

கலிப்பர் என்பது விட்டம் அளக்கும் இரும்புக் கருவி. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனை வைப்பார்கள். சாவகச்சேரியில் கராஜ் வைத்திருக்கும் இவர் கலிப்பர் வைப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் வடையின் ஓட்டையை அளந்து, "பக்கத்து இலையிலை ஓட்டை ரெண்டு மில்லிமீற்றர் சின்னன்!" என்று பரிமாறியவரிடம் முறையிட்டதை நான் கண்ணால் கண்டேன்.

அவரிடம் நான் போய் விழுந்தது என் பழைய ஜீப்பால். பத்து வருடமாக அது முற்றத்தில் அசையாமல் நின்றது, அதுவும் பொங்கல் பானை வைக்கிற இடத்தில்.

"இஞ்சாருங்கோ, இந்தத் தைப்பொங்கலுக்கு முன்னம் ஜீப் தானா ஓடி வெளியிலை போகவேணும். இல்லாட்டி பழைய இரும்புக்காரன்ரை லொறியிலை போகும்" என்றாள் மனைவி.

அப்பா ஓட்டிய ஜீப் அது. இரும்பு விலைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணை எஞ்சினைக் கழற்றினார். நாலு பிஸ்டனும் போய்விட்டன. போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடி ஓடிச் சிலிண்டர் தேய்ந்து, இரண்டு தரம் குடைந்து பெரிதாக்கிய எஞ்சின். புத்தகத்திலுள்ள அளவு எதுவும் அதற்குப் பொருந்தாது.

"அப்ப விட்டிடுவமே அண்ணை?"

"ஆர் விடுறது? எங்கையோ உந்த அளவிலை நாலு பிஸ்டன் கிடக்கும் தம்பி. ஏறு காரிலை!"

அவருடைய பழைய காரில் ஊர் ஊராகப் போனோம். கடைக்காரர் "என்ன வாகனத்துக்கு அண்ணை?" என்று கேட்டால் போதும், கொதித்துவிடுவார். "வாகனத்தை விடும்! விட்டம் எண்பது தசம் நாலு. அதை எடும்!" கரவெட்டியில் கிடைத்தது விட்டத்தில் சரி, உயரத்தில் பிழை. அளவெட்டியில் உயரம் சரி, குறுக்கே கோக்கிற இரும்புப் பின் உள்ளே போகவில்லை. ஒரு செத்தவீட்டில் அண்ணையைக் காணவில்லை என்று தேடினால், கிணற்றடியில் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இது செத்தவீடு!"

"ஓம், தெரியும். உதிலை ஒரு பிஸ்டன்தான். எங்களுக்கு நாலு வேணும்" என்று சலிப்போடு எழுந்தார்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்க, பழைய இரும்பு லொறிக்காரரின் நம்பரைத் தேடி எடுத்தேன். அன்று காலை அண்ணை சைக்கிளில் வந்தார். கரியரில் பேப்பரில் சுற்றிய நாலு பிஸ்டன்கள். அத்தனையும் அளவு அச்சொட்டு.

"எங்கை அண்ணை கிடைச்சது?"

"கதையாதை. உந்த ஸ்பானரைத் தா."

பொங்கலுக்கு முதல்நாள் ஜீப் இருமி, புகை கக்கி, படலையைத் தாண்டித் தானாகவே போனது. மறுநாள் மனைவி அதே இடத்தில் கோலம் போட்டுப் பொங்கினாள். படைத்து முடித்ததும் முதல் இலை அண்ணைக்குத்தான். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் சைக்கிளை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"உங்கடை கார் எங்கை அண்ணை?"

"கராஜிலை நிக்குது."

"ஓடாதோ?"

"எப்பிடி ஓடும்? ஊரெல்லாம் அளந்தன், என்ரை காரை அளக்க மறந்துபோனன். தேடின பிஸ்டனிலைதான் ரெண்டு பேரும் ஏறித் திரிஞ்சிருக்கிறம், தம்பி" என்று சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டார்.

இப்போது என் சட்டைப் பையிலும் ஒரு கலிப்பர் இருக்கிறது. போன கிழமை ஒரு செத்தவீட்டுக் கிணற்றடியில் பம்பைக் கழற்றும்போது என்னையும் பிடித்தார்கள். பிடிக்கட்டும். அந்த மனிதர் வெயிலில் சைக்கிள் மிதிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.